பதிலிக்குச் சோறு

சண்முகத்தாயின் இடுப்புப் பை காளீஸ்வரிக்கு ஒரு பிடி தளர்வாக இருந்தது. நாடாவை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிந்துகொண்டாள். அறுந்த நூலையும் கழிவுப் பஞ்சையும் நடந்துகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்கிற துணிப்பை அது. அடியில் ஒரு கிழிசலைப் பச்சை நூலால் தைத்திருந்தது. தைத்தது யார், இவளேதான். போன மழைக்காலத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தபோது, வெள்ளைத் துணிக்குப் பச்சை நூலாட்டி, கண்ணு அவிஞ்சா போச்சு என்று சண்முகத்தாய் கேலி பண்ணினாள். பண்ணினாளே தவிர பிரிக்கவில்லை, அப்படியேதான் கட்டிக்கொண்டு திரிந்தாள். இன்றைக்கு அந்தப் பச்சைத் தையல் காளீஸ்வரியின் வயிற்றில் உரசுகிறது. நல்ல கூத்து. அவள் பை, அவள் மிஷின்கள், அவள் நடந்து நடந்து வழுவழுப்பாக்கிய சந்து. நடக்கிற ஆள் மட்டும் வேறு. ஒரு நூல் அறுந்தது. ஒட்டினாள். நூல் சுற்றுகிற கதிர்களில் நாலு தள்ளி இன்னொன்று. அதையும் ஒட்டினாள். நூற்பு மில்லில் ரிங் பிரேம் ஓட்டுகிறவளுக்கு வேலை என்றால் அவ்வளவுதான், அறுந்தால் ஒட்டணும், ஒட்டினால் நடக்கணும், நடந்தால் இன்னொன்று அறுந்திருக்கும். மனசுக்கும் இதே பிழைப்புத்தான் என்று காளீஸ்வரிக்குத் தோன்றியது. தோன்றின உடனே, ஆமா, இப்ப தத்துவம் ஒன்னுதான் குறைச்சல் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

காலையில் கேட்டில் நடந்ததை நினைக்கக் கூடாது என்று முடிவு பண்ணித்தான் உள்ளே வந்தாள். நினைக்கக் கூடாது என்கிற வார்த்தையோடேயே அது கூட வந்துவிட்டது. காளீஸ்வரி பதிலி. நிரந்தரத் தொழிலாளி யாராவது வராவிட்டால், அந்த ஒருநாளைக்கு அந்த இடத்தில் நிற்கிறவள். தினமும் விடியுமுன்னே கேட்டுக்கு வெளியே கூட்டமாக நிற்க வேண்டியது, மேஸ்திரி சங்கரபாண்டி வந்து விரலை நீட்டினால் உள்ளே ஓட வேண்டியது, நீட்டாவிட்டால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியது. மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு பேறுகாலத்துக்குத் தாய்வீடு போயிருந்த சமயம் பார்த்து நிரந்தரப் பட்டியல் போட்டார்கள். கூடச் சேர்ந்த சண்முகத்தாய் பேர் வந்தது, இவள் பேர் வரவில்லை. அந்தக் குழந்தை இப்போது பாவாடை தாவணி கேட்கிற வயசு. இவள் இன்னும் பதிலி. பதிலிகளுக்கென்று இந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. சோற்றுச் சட்டி கொண்டு வரமாட்டார்கள். சட்டியோடு வந்தால் விரல் நீளாது என்று ஒரு நம்பிக்கை. எவளோ ஒருத்தி தூக்குச்சட்டியோடு வந்து ஒரு மாசம் வேலையே கிடைக்காமல் போனாளாம், யார் அவள், எந்த வருசம், ஒருத்திக்கும் தெரியாது. ஆனாலும் கொண்டு வரமாட்டார்கள். நிறைந்த சட்டியை நிறைந்தபடியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிற கேவலம் இருக்கிறதே, அதற்குப் பயந்துதான் இப்படி ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள் என்று காளீஸ்வரி நினைப்பாள். அதனால் உள்ளே போகிற பதிலிக்கு நிரந்தரக்காரி ஒருத்தி தன் சோற்றில் பங்கு வைப்பாள். தூக்கின் மேல்மூடியில் தனியாக வைத்த அந்தப் பங்குக்குப் பேரே பதிலிச் சோறு. காளீஸ்வரிக்கு இத்தனை வருசமும் சண்முகத்தாயின் மூடிதான்.

இன்றைக்குக் காலையில் விரல் நீண்டது, சண்முகத்தாயின் மிஷினுக்கு. சண்முகத்தாய் அங்கேயே, கேட்டுக்கு வெளியே, வாட்ச்மேன் கைக்கு எட்டின தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். கொரோனா ஊசி போட்டதற்கு அத்தாட்சி காட்டினால்தான் உள்ளே என்று நோட்டீஸ் ஒட்டி நாளாகிவிட்டது. இன்று சாயங்காலத்தோடு கெடு முடிகிறது. அதற்குள் போடாதவர்களின் இடம் நாளையிலிருந்து பதிலிக்கு நிரந்தரமாகப் போகும் என்று மேஸ்திரி, ஏதோ கல்யாணத்துக்குத் தேதி குறித்த மாதிரிச் சிரித்த முகத்தோடு காளீஸ்வரியிடம் சொன்னார். சண்முகத்தாய் காதில் விழுகிற மாதிரியே சொன்னார். காளீஸ்வரிக்குத் தரை எங்கே என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் தாண்டப் போனபோது பின்னாலிருந்து கை நீண்டது. மடித்த இடுப்புப் பை. அப்புறம் தூக்குச்சட்டி. நான் வீட்டுலதான போய் இருக்கப் போறேன், இத நீ கொண்டு போ என்றாள் சண்முகத்தாய். காளீஸ்வரி வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்ய, பின்னால் கூட்டம் நெருக்குகிறது. அப்போது சண்முகத்தாய் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினாள். இந்தச் சத்தத்தில் வாழ்கிறவர்கள் எல்லாருக்கும் அது பழக்கம், சொல்ல வேண்டியதை வாயைக் காட்டித்தான் சொல்வார்கள், மிஷின் ஓடாத இடத்திலும்.

"கடைசி மிஷின்ல சுவரோரக் கதிரு ஒன்னு சும்மா சும்மா அறுக்கும்ட்டி. அத அதட்டாத. மெல்லமா ஒட்டு, நின்னுக்கிடும்."

இதைத்தான் சொன்னாள். உள்ளே போகிறவளைப் பார்த்து, தன் சோற்றில் மண் விழப்போகிற நேரத்தில், ஒரு மனுசி சொல்கிற பேச்சா இது? ஏசியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். நீயும் இப்படிப் பண்ணுவியா காளி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலாவது காளீஸ்வரிக்கும் பதிலுக்கு ஒரு கோபம் வந்திருக்கும், அந்தக் கோபத்தைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் ஓட்டியிருப்பாள். சுவரோரக் கதிராம். அதட்டக் கூடாதாம். காளீஸ்வரி கடைசி மிஷினுக்கு வந்திருந்தாள். அறுந்துதான் கிடந்தது. பாபினைச் சுற்றி நூலைத் தேடி எடுத்து, வளையத்தில் கோத்து, மேலே ஓடிவருகிற பஞ்சிழையில் கொண்டுபோய் ஒட்டினாள். உடனே அறுந்தது. சனியனே என்று வாய்வரை வந்துவிட்டது. அதட்டாத என்றாளே. பெத்த பிள்ளையைச் சொல்கிற மாதிரியல்லவா சொன்னாள். மறுபடி ஒட்டினாள், விரல் நுனியை இழுக்காமல், விட்டும் விடாமல். நின்றது. மேலே தண்டவாளத்தில் ஓடும் ஊதுகுழல் தலைக்கு மேல் வந்து உஸ்ஸென்று ஊதிவிட்டுப் போனது. பஞ்சுத் தூசி கண்ணில் விழுந்தது. கண் கலங்கினால் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம், மில்லில் இது ஒரு வசதி.

அவளுக்கு ஊசி ஆகாது. அது காளீஸ்வரிக்குத் தெரியும். காளீஸ்வரியைத் தவிர இந்த மில்லில் இன்றைக்கு இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாது, கம்பவுண்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மில்லுக்குள்ளேயே முன்பு ஒரு மருந்தறை இருந்தது. சண்முகத்தாய்க்கு விரலில் வெட்டுப்பட்டுச் சீழ் வைத்திருந்த சமயம், கூடப் போனது காளீஸ்வரி. கம்பவுண்டர் ஒரு ஊசி போட்டார். போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். சண்முகத்தாய் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், என்ன சொன்னாள், மாமியார் கதையோ என்னவோ, பாதியில் நிறுத்திவிட்டு, ஏட்டி உதடு தடிக்குது என்றாள். காளீஸ்வரி விளையாட்டென்றுதான் நினைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்தது, கண்ணிமை தடித்தது, முகம் அவள் முகமாகவே இல்லை. மூச்சை உள்ளே இழுக்கிறாள், போகவில்லை. அந்தச் சத்தம், காற்று போகாத தொண்டையில் காற்று முட்டுகிற சத்தம், இன்றைக்கும் குக்கர் மூடி சரியாக உட்காராமல் இழுத்தால் காளீஸ்வரி ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுவாள். எப்படி ஆட்டோ பிடித்தாள், யார் தூக்கினார்கள், ஒன்றும் ஞாபகமில்லை. சண்முகத்தாயின் தலை இவள் மடியில் கிடந்தது மட்டும் ஞாபகம். அவள் கை இவள் சேலையைப் பிடித்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்த பார்வையும் ஞாபகம். ஏதேதோ போட்டு, குழாய் வைத்து, ராத்திரிதான் முகம் வடிந்தது. டாக்டரம்மா காளீஸ்வரியைக் கூப்பிட்டு, இந்தப் பொண்ணுக்கு இனி எங்க எந்த ஊசி போட்டாலும் இத முதல்ல சொல்லணும், ஆஸ்பத்திரியில வச்சு, டாக்டர் பக்கத்துல இருந்துதான் போடணும், ஞாபகம் வச்சுக்க என்றார். காளீஸ்வரி ஞாபகம் வைத்துக்கொண்டாள். மறுநாள் கம்பவுண்டர் வந்து அழுதார். விசயம் ஆபீசுக்குப் போனால் வேலை போய்விடும், ரெண்டும் பொட்டப்பிள்ளை என்றார். சண்முகத்தாய், வீங்கின முகத்தோடு, போங்கய்யா, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன் என்றாள். சொல்லவுமில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் எந்தப் பரணில் போனதோ, வீடு மாறினதில் போயே போய்விட்டது.

இப்போது மட்டும் சொன்னாள். லேபர் ஆபீசரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், கெட்ட மனுசன் இல்லை. ஆனால் வாசலில் வரிசையாக நிற்கிற எல்லாரும் தனக்கு ஆகாது என்றுதான் சொல்கிறார்கள். ஒருத்திக்குத் தலைசுற்றலாம், ஒருத்தனுக்கு ஊசி போட்ட மாமனார் செத்தாராம், ஒருத்தனுக்கு யாரோ போனில் அனுப்பின வீடியோவாம். டாக்டர் சீட்டு இருக்கா, எழுத்துல ஏதாவது இருக்கா என்று அவர் கேட்டிருக்கிறார். இல்லை. கூட இருந்தவங்க யாராவது இருக்காங்களா? அதற்குச் சண்முகத்தாய் என்ன சொன்னாள் என்று காளீஸ்வரிக்குத் தெரியாது. மேஸ்திரி சொன்னது இவ்வளவுதான்: கேட்டதுக்கு வாயத் திறக்காம நின்னுட்டு வந்துட்டா, பொய்தான, வேறென்ன. அதைக் கேட்டு நாலு நாள் ஆகியிருக்கும். நாலு நாளாக ஒரே இடத்தில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. ஏன் வாயைத் திறக்கவில்லை? காளி இருந்தா சார், கேட்டுப் பாருங்க என்று ஏன் சொல்லவில்லை? என்னிடம் வந்து, நீ ஒரு வார்த்தை சொல்லேன் என்று ஏன் கேட்கவில்லை? கேட்டால் சொல்லமாட்டேனா?

சொல்லுவேனா? காளீஸ்வரி நடந்தாள். இந்தக் கேள்விக்கு மட்டும் நடையை வேகப்படுத்த வேண்டியிருந்தது. நேற்று ராத்திரி வீட்டுக்காரர், நிரந்தரம் வந்தா விட்டுறாத, உனக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது என்றார். தப்பாகச் சொல்லவில்லை. நிரந்தரமென்றால் காலையில் கூட்டத்தில் நிற்க வேண்டாம். காய்ச்சல் என்றால் ஈஎஸ்ஐயில் மருந்து. தீபாவளிக்குப் போனஸ். இதெல்லாம் எல்லாரும் சொல்கிறது. காளீஸ்வரிக்கு உள்ளே ஒரு ஆசை உண்டு, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கேன்டீன் சுவரோரமாக நீளமாக ஒரு பலகை உண்டு, அதில் நிரந்தரக்காரர்களின் தூக்குகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நூல் அடையாளம், சிவப்பு, மஞ்சள், நீலம். அந்த வரிசையில் தன் தூக்கு ஒன்று இருக்க வேண்டும். தன் சோற்றைத் தான் கொண்டுவந்து, தான் வைத்து, தான் எடுக்க வேண்டும். யார் மூடியையும் எதிர்பார்க்காமல். சோத்துக்கு என்ன, சண்முகத்தாய் ஒருநாளும் முகம் சுளித்து வைத்ததில்லை. இருந்தாலும், வாங்குகிற கை வாங்குகிற கைதானே. நாளைக்கு அந்தப் பலகையில் இடம். நினைத்ததும் நெஞ்சுக்குள் ஒரு சந்தோசம் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். சீ என்று ஆகிவிட்டது. நல்லவேளை, சந்தோசத்துக்குச் சத்தம் கிடையாது, இருந்தாலும் இந்த மிஷின் இரைச்சலில் எவள் காதில் விழப்போகிறது.

ஊசி வேண்டாம் என்று அவள் சொல்லவுமில்லையே. அதுதான் வயிற்றெரிச்சல். பஞ்சு சீவுகிற கார்டிங் பக்கத்தில் சிவனணைந்தான் என்று ஒரு மனுசர் இருந்தார், யாரைப் பார்த்தாலும் மருமகளே என்பார், போன அலையில் மூச்சுக்குத் திணறித் திணறிப் போனார். வாகனத்தில் பையில் சுற்றி வைத்து, முகத்தைக்கூடக் காட்டாமல் எரித்தார்கள். அன்றைக்குக் கேட்டில் நின்று அழுததில் சண்முகத்தாய் குரல்தான் பெரிசு. ஊசி வந்ததும், போய்ப் போடுங்க எல்லாரும் என்று பதிலிகளைத் துரத்தினதும் அவள்தான். காளீஸ்வரி பள்ளிக்கூடத்தில் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள், ஒருநாள் கை வலி, ஒரு ராத்திரி காய்ச்சல், அதோடு சரி. காய்ச்சலன்றைக்கு மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்தது யார்? வேறு யார். எனக்கு மட்டும் பெரியாஸ்பத்திரியில ஒரு டாக்டர் பக்கத்துல நின்னு போட்டா நானும் போட்டுக்கிடுவேன்ட்டி, அங்க போயி ஒருநாள் கிடக்கணும், அதுக்கு லீவு குடுப்பாகளா என்று அன்றைக்கே கேட்டாள். கொடுக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் வந்து, நிரந்தரத் தொழிலாளியை விளக்கம் கேட்காமல் நிறுத்தச் சட்டமில்லை, உடம்புக்கு ஆகாதவர்களுக்கு வேறு வழி பண்ண வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு என்று ஆபீசில் சத்தம் போட்டார்கள். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள், அவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு என்று ஆபீசில் திருப்பிக் கேட்டார்கள். ரெண்டும் நியாயமாகத்தான் பட்டது காளீஸ்வரிக்கு. ரெண்டு நியாயத்துக்கு நடுவில் சண்முகத்தாய் ஒருத்திதான் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. காளீஸ்வரி கேன்டீனுக்குப் போய்த் தூக்கை எடுத்தாள். கழுத்தில் ஊதா நூல். பலகைப் பக்கம் போகாமல் காலையில் தரையில் ஓரமாகத்தான் வைத்திருந்தாள், யார் என்ன சொல்வார்களோ என்று. தனியாக மூலையில் உட்கார்ந்தாள். ஒருவேளை உள்ளே விட்டுவிடுவார்கள் என்று நம்பித்தானே பாவம் சமைத்துக்கொண்டு வந்திருப்பாள், வெளியே நின்றவள் சோற்றை உள்ளே உட்கார்ந்து தின்கிறதா, தொண்டையில் இறங்குமா, என்று மூடியைத் திறந்தாள். மூடியில் பங்கு இல்லை. வெறும் மூடி. சரிதான், இன்றைக்குப் பங்கு வைக்க மனசு வரவில்லை போலிருக்கிறது, ஏன் வரணும் என்று நினைத்தாள். அப்புறம் சட்டிக்குள் பார்த்தாள். சோறு, மேலே புளிக்குழம்பு. ஒரு ஓரத்தில் சீனியவரைக்காய்ப் பொரியல், தேங்காய் போட்டு. ஒரு ஓரத்தில் பொரிகடலைத் துவையல், உருண்டையாக. அவ்வளவுதான். காளீஸ்வரி சோற்றைக் கிளறிப் பார்த்தாள். குழம்பைத் தள்ளிப் பார்த்தாள். கத்தரிக்காய் இல்லை.

சண்முகத்தாய்க்குக் கத்தரிக்காய் இல்லாமல் சோறு இறங்காது. குழம்பென்றால் கத்தரிக்காய், பொரியலென்றால் கத்தரிக்காய், ஒன்றுமில்லாத நாளில் சுட்டுப் பிசைந்தாவது கொண்டுவருவாள், அவளைக் கத்தரிக்கா என்றே கூப்பிடுகிறவர்களும் உண்டு. காளீஸ்வரிக்கோ கத்தரிக்காய் பட்டால் நாக்கு அரிக்கும், உதட்டோரம் தடிக்கும். பேறுகாலம் முடிந்து பதிலியாகத் திரும்பி வந்த புதிதில் ஒருநாள், ஒருதரம், யக்கா எனக்குக் கத்தரிக்கா ஆவாது என்றாள். அவ்வளவுதான் சொன்னது. மறுநாளிலிருந்து மூடிப் பங்கு தனிச் சமையல். ஒரு துவையலோ, ரெண்டு அவரைக்காயோ. அடுப்பில் இன்னொரு சட்டி ஏற்ற வேண்டுமே, விடியுமுன்னே எழுந்தவளுக்கு அது எத்தனை பாடு. நிசமாகவா அரிக்கிறது, டாக்டர் சொன்னாரா, சீட்டு இருக்கா, கூட யார் இருந்தா என்று அவள் கேட்டதே இல்லை. இவள் ஆவாது என்றாள், அவள் சரி என்றாள். காளீஸ்வரி தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் மெல்ல மெல்ல விளங்கியது. இது உள்ளே போகலாம் என்று நம்பிச் சமைத்த சோறு இல்லை. அடுப்பைப் பற்ற வைக்கும்போதே அவளுக்குத் தெரியும், தன்னை விடமாட்டார்கள் என்று. தன் இடத்துக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்றும் தெரியும். பதிலி சோறு கொண்டு வரமாட்டாள் என்றும், இன்றைக்கு மூடி நீட்ட ஆள் இல்லை என்றும் தெரியும். சட்டி முழுக்கப் பதிலிச் சோறு. இதைக் கொடுக்கத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறாள். கேட்டில் நிற்க வந்தவள் இல்லை அவள். ஏன் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்று நாலு நாளாக அறுத்துக்கொண்டிருந்ததே, அது இப்போது தன்னாலே ஒட்டிக்கொண்டது. கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் எனக்கு வேலை போகும். அதனால் கேட்கவில்லை. ஆபீசரிடம் வாயைத் திறக்காமல் நின்றதும் அதற்குத்தான். அன்றைக்குக் கம்பவுண்டருக்காக வாயை மூடினவள், இன்றைக்கு எனக்காக. என்ன ஜென்மமோ இவள்.

காளீஸ்வரி சாப்பிட்டாள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள், ஆனால் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. துவையலில் உப்பு ஒரு கல் கூட. சட்டியைக் கழுவி, துடைத்து, இடுப்புப் பையை அவிழ்க்காமல் ஆபீசுக்குப் படியேறினாள். என்ன சொல்லப் போகிறோம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது எல்லாம் கதவைத் திறந்ததும் மறந்துபோனது. ஆபீசர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி நிற்கச் சொன்னார். அந்த நிற்கிற நேரம் கடைசி ஆபத்து. இப்போதுகூடத் திரும்பிப் போய்விடலாம், சம்பளத்தில் ஒரு சந்தேகம் சார் என்று சொல்லிவிட்டுப் போகலாம், பலகை, ஊதா நூலுக்குப் பக்கத்தில் ஒரு நூல், என்ன நிறம், பச்சை. வயிற்றில் பச்சைத் தையல் உரசியது. போனை வைத்துவிட்டு என்னம்மா என்றார். காளீஸ்வரி எங்கே ஆரம்பிக்கிறதென்று தெரியாமல், கத்தரிக்காயிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஊசி, உதடு, மூச்சு, ஆட்டோ, டாக்டரம்மா சொன்னது எல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். மருந்தறையில் நடந்ததா என்று அவர் நிமிர்ந்து கேட்டார். இங்கதான் சார். பேனாவைக் கீழே வைத்தார்.

"நீ யாரு, அவளுக்குச் சொந்தமா?"

"இல்ல சார். அவுக பதிலி."

அவர் இப்போதுதான் இடுப்புப் பையைப் பார்த்தார். அவ உள்ள வந்தா உனக்கு வேலை இல்லாமப் போகும், அது தெரியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். தெரியும் சார் என்றாள். சண்முகத்தாயை நாளைக் காலையில் நேராக உள்ளே ஆபீசுக்கு வரச்சொல் என்றார். மில் வண்டியிலேயே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி, டாக்டரைப் பார்க்க வைத்து, அவர்கள் போடலாம் என்றால் அங்கேயே வைத்துப் போடட்டும், வேண்டாம் என்றால் எழுதி வாங்கி வரட்டும், அதுவரைக்கும் அவள் இடத்தில் கை வைக்க மாட்டேன் என்றார். காளீஸ்வரி கும்பிட்டாள். அவர் பதிலுக்குத் தலையை ஆட்டினார், ஆட்டினவர் பார்வையை எடுக்காமல், சாப்ட்டியாம்மா என்று ஏனோ கேட்டார். சாப்பிட்டேன் சார், வயிறு நிறைய என்றாள். மிச்ச நேரத்துக்கு நூல் ஒட்டினாள். சுவரோரக் கதிர் ரெண்டு தரம் அறுத்தது. போகட்டும், அதுக்கும் இன்னிக்குத்தான நான் என்று தடவிக் கொடுக்காத குறையாக ஒட்டிவிட்டு வந்தாள். மேஸ்திரிக்குச் சேதி அதற்குள் போய்விட்டது. கிறுக்குச் சிறுக்கி என்கிற மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

ஷிப்டு விட்டு வெளியே வந்து போன் பண்ணினாள். ஆபீசர் சொன்னதை மூச்சு விடாமல் சொன்னாள். ஏன்ட்டி போய்ச் சொன்ன என்றாள் சண்முகத்தாய், குரல் உடைந்திருந்தது. துவையல்ல உப்பு கூட என்றாள் காளீஸ்வரி. சுவரோரக் கதிரு அறுத்துச்சா என்று கேட்டாள் சண்முகத்தாய். அறுத்துச்சு, அதட்டல என்றாள் இவள். வீட்டுக்குப் போனால் என்ன சொல்கிறது, அவருக்கு என்ன சொல்லிப் புரிய வைக்கிறது, மகள் ஸ்கூல் பீசுக்கு என்ன வழி, எல்லாம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தது. நாளைக்கு விடியுமுன்னே மறுபடியும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கணும். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் காய் விற்கிற ஆவுடையம்மாள் முன்னால் காளீஸ்வரியின் கால் தானாக நின்றது. கையில் கழுவின தூக்கு ஆடியது. பிஞ்சாப் பாத்து அரைக் கிலோ கத்தரிக்கா போடுங்க என்றாள். ஆவுடையம்மாள் தராசைத் தூக்கினவள் அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"கத்தரிக்காயா? உனக்குத்தான் ஆவாதே தாயி."

"எனக்கில்ல. நாளைக்கு நான் தூக்கோடதான் வந்து கேட்டுல நிப்பேன். உள்ள போற யக்காவுக்கு."